கேட்கிற விலையும் கிடைக்கிற விலையும்

உங்கள் வீட்டுக் கொல்லையில் பழைய வண்டி ஏதாவது நிற்கிறதா? தார்ப்பாய் போர்த்தி, சக்கரங்களில் காற்று இறங்கி, உள்ளே பூனை குட்டி போட்டு, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதெல்லாம் "இந்தச் சனியனை எப்போது தொலைக்கப் போகிறோம்?" என்று நீங்கள் முணுமுணுக்கும்படியாக ஒன்று? இருந்தால் இந்த வாரப் பக்கத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வண்டி இல்லாத வீட்டுக்காரர்களும் படிக்கலாம். பரணில் ஒரு பித்தளை அண்டாவாவது இல்லாமலா போய்விடும்!

எங்கள் புதுச்சேரியில், முத்தியால்பேட்டையில், எனக்கு வேண்டிய பெரியம்மா ஒருவர் இருக்கிறார். சொந்தப் பெரியம்மா இல்லை, தெருவுக்கே பெரியம்மா. வயது எண்பத்து மூன்று. அவருடைய மாமனார் அந்தக் காலத்துச் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனில் பல வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். வந்தவர் சும்மா இருக்கவில்லை. முத்தியால்பேட்டைத் தறிகளில் நெய்த துணியைக் கட்டுக் கட்டாகப் பெரிய மார்க்கெட்டுக்குக் கொண்டு போய்ப் போடுகிற வியாபாரத்தில் இறங்கினார். அதற்காக 1953-ல் வாங்கியதுதான் அந்தப் பெஜோ பிக்-அப்.

பிக்-அப் என்றால் தெரியுமல்லவா? முகம் கார் மாதிரி இருக்கும். முன்னால் ஓட்டுகிறவரும் பக்கத்தில் ஒருவரும் உட்காரலாம். முதுகுப் பக்கம் மூடி போடாத பெட்டி. சாமான் ஏற்றி மேலே கித்தானை இழுத்துக் கட்டிவிட வேண்டியது. பெஜோ கம்பெனி 1948-லிருந்து 1960 வரை செய்த '203' என்னும் காரின் உடம்பை இப்படி மாற்றி, வியாபாரிகளுக்கென்றே விற்றார்கள்.

மாமனார் காலமானார். பெரியம்மாவின் கணவர் அதே வண்டியில் வியாபாரத்தை நடத்தினார். அவரும் போன பிறகு, முப்பது வருஷமாக அது கொல்லை வேப்பமரத்தடிக் கொட்டகையில் நிற்கிறது. போன வருஷம் காயலான் கடைக்காரர் ஒருவர் சுற்றிச் சுற்றிப் பார்த்து, எடை போட்டால் என்ன வரும் என்று மனசுக்குள்ளேயே கணக்குப் பண்ணி, "இருபத்தெட்டாயிரம் தரேன் பெரியம்மா, வண்டியை நானே அறுத்து எடுத்துக்கிறேன்" என்றாராம். 'அறுத்து' என்ற சொல் பிடிக்காததால் பெரியம்மா அவரை மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அதோடு போயிருந்தால் கதையே இல்லை. பெரியம்மாவின் பேரன், இஞ்சினீயரிங் படிக்கிற பிள்ளை, ஒரு நாள் ராத்திரி கைபேசியில் விளம்பரங்களைப் புரட்டிக் கொண்டிருந்தான். பழைய பிக்-அப் ஒன்றின் படம். பளபளவென்று சிவப்புச் சாயம். பக்கத்தில் விலை: பதினாலு லட்சம் ரூபாய்! கீழே ஒரு வரி வேறு: மிகவும் அரியது, பேரம் பேசுகிறவர்கள் கூப்பிட வேண்டாம் என்று.

பையன் கூச்சல் போட்டான். அப்பா ஓடி வந்தார். அம்மா கையில் கரண்டியுடன் வந்தாள். படம் அந்த நிமிஷமே பாரீஸில் இருக்கிற பெரிய மகனுக்குப் பறந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் "அம்மா, மருந்து சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிற மகன், அந்த வாரம் புதன்கிழமையே போன் பண்ணினார். "தாத்தா வண்டி. அதில் எனக்குப் பாதி உண்டு" என்றார். "முப்பது வருஷமாக இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது என் கொல்லையில். அன்றைக்கெல்லாம் பாதி இடம் வாடகை கொடுத்தாயா?" என்றார் சின்ன மகன். எருமை வாங்கும் முன்னே நெய்க்கு விலை பேசுவது என்பார்களே, அது இதுதான். ஏழு லட்சத்தில் இவர் மாடியில் ஓர் அறை எழுப்பிவிட்டார்; அவர் குடும்பத்தோடு ஊருக்கு வந்து போய்விட்டார். எல்லாம் மனசுக்குள்! பேச்சு முற்றி, ஞாயிற்றுக்கிழமை போனும் நின்றது.

"நாலு ஞாயிறு ஆச்சு, கண்ணு" என்றார் பெரியம்மா என்னிடம். "எனக்கு வண்டியும் வேண்டாம், லட்சமும் வேண்டாம். அந்தப் பதினாலு லட்சம் நெசமா, பொய்யா? அதை மட்டும் விசாரிச்சுச் சொல்லு."

விசாரித்தேன். விசாரித்ததில் நான் கற்றுக்கொண்டதைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

முதல் கேள்வி: பழைய கார் ஆங்காங்கே கண்ணில் படுகிறதே, பழைய பிக்-அப் மட்டும் ஏன் அத்தனை அபூர்வம்?

இதற்குப் பதில் உங்கள் புடவைப் பெட்டியிலேயே இருக்கிறது. பாட்டியின் கூறைப் பட்டு இன்னும் மடிப்புக் கலையாமல் இருக்கும். அதே பாட்டி தினந்தோறும் கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்ற சுங்குடிப் புடவை எங்கே? கிழிந்தது, தூளியாயிற்று, கரித்துணியாயிற்று, கடைசியில் காணாமலே போயிற்று. பாட்டியிடம் பட்டு நாலுதான் இருந்திருக்கும், சுங்குடி நாற்பது இருந்திருக்கும். ஆனாலும் மிஞ்சியது பட்டுதான். பெரிய மனிதர்களின் கார் பட்டுப் புடவை. தினம் துடைப்பதற்கு ஓர் ஆள், நிறுத்துவதற்கு ஒரு கொட்டகை. பிக்-அப்போ சுங்குடி. மூட்டை ஏற்றி, செங்கல் ஏற்றி, மீன் கூடை ஏற்றி, அச்சு முறிகிற வரைக்கும் உழைத்துவிட்டுக் காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

பிக்-அப் என்ற ஜாதியே உழைப்பதற்காகப் பிறந்ததுதான். 1925-ல் அமெரிக்காவில் போர்டு கம்பெனி தன் 'டி' மாடல் காருக்குப் பின்னால் தொழிற்சாலையிலேயே பெட்டி வைத்து, 281 டாலருக்கு விற்றது. அதற்கு முன்னால் குடியானவர்கள் தாங்களே காரின் பின்பக்கத்தை வெட்டிப் பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள். அதைவிட ருசியான சங்கதி ஆஸ்திரேலியாவில் நடந்தது. 1930-களின் தொடக்கத்தில் விக்டோரியா மாகாணத்தில் ஒரு குடியானவரின் மனைவி போர்டு கம்பெனிக்குக் கடிதம் போட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை நனையாமல் கோயிலுக்குப் போகவும், திங்கட்கிழமை அதே வண்டியில் பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டு போகவும் தோதாக ஒன்று செய்து கொடுங்கள் என்று! ஜீலாங் ஊர்த் தொழிற்சாலையில் லூ பாண்ட் என்ற இளைஞர் அதை வரைந்து கொடுத்தார். 1934-ல் வண்டி வெளிவந்தது. ஆஸ்திரேலியாவில் இன்றைக்கும் 'யூட்' என்று செல்லமாகச் சொல்கிறார்களே, அதன் பூர்வீகம் அந்தக் கடிதம்தான். ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்து கடிதம் எழுதினால் என்னவெல்லாம் நடக்கிறது பாருங்கள்!

நம் நாட்டுக்கு வருவோம். போர்டு கம்பெனி 1926-லும் ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லும் இங்கே கால் வைத்து, வெளிநாட்டிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டி வண்டிகளை விற்றுக்கொண்டிருந்தன. உள்நாட்டிலேயே பாகங்களைச் செய்கிறவர்களுக்குத்தான் இனி இடம் என்று சர்க்கார் 1953-ல் தீர்மானித்ததும், அடுத்த வருஷமே இரண்டும் கடையைக் கட்டின. அதற்குப் பிறகு ரோடுகளில் இருந்த செவர்லே, போர்டு வண்டிகளுக்கு உதிரி பாகம் கிடைப்பது குதிரைக் கொம்பாகிவிட்டது.

எங்கள் ஊர்க் கதை இன்னும் விசேஷம். 1941-ல் ஏற்பட்ட சுங்க ஒப்பந்தம் 1949-ல் முடிந்து போயிற்று. அப்புறம் 1954 வரை, புதுச்சேரியின் எல்லையில் இந்தியச் சுங்கச் சாவடி ஒரு பக்கம், துறைமுகம் வழியாக வந்து இறங்குகிற வெளிநாட்டுச் சாமான் ஒரு பக்கம் என்று ஒரு தனி உலகம் நடந்தது. பெரியம்மாவின் மாமனார் பெஜோ வாங்கியது அந்த நாளில்தான். 1954 நவம்பர் 1-ம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் இணைந்துவிட்டோம். பிரெஞ்சு வண்டி வருகிற வழி அடைபட்டது. 1990-களில் பெஜோ 309 என்ற கார் பம்பாய்ப் பக்கத்தில் கொஞ்ச காலம் தயாரானது உண்மைதான். ஆனால் அதன் பாகம் தாத்தா காலத்து 203-க்குச் சேருமா?

ஆகவே பெரியம்மாவின் வண்டி அபூர்வந்தான். அதில் சந்தேகமே இல்லை. பேரன் இதைக் கேட்டதும், "பார்த்தீங்களா! அந்தச் சிவப்பு வண்டி செவர்லே. அதைவிட நம்முடையது அபூர்வம். அப்படியானால் பதினாலுக்கு மேலேயே போகும்" என்று குதித்தான்.

இங்கேதான், வாசகிகளே, நாம் எல்லோருமே தவறி விழுகிற குழி இருக்கிறது.

அபூர்வமாக இருப்பதால் மட்டும் ஒன்றுக்கு விலை வந்துவிடாது. வேண்டுமென்று கேட்கிற ஆளும் இருக்க வேண்டும். அந்தச் சுங்குடிப் புடவையில் ஒன்று தப்பிப் பிழைத்து உங்கள் பெட்டியில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். பட்டைவிட அது அபூர்வந்தான். அதற்காக யாராவது பட்டுப் புடவை விலை கொடுப்பார்களா? காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போயிருப்பீர்கள். எனாமல் பாத்திரமும் மர அஞ்சறைப் பெட்டியும் நல்ல விலைக்குப் போகின்றன. அவற்றைத் தேடி வருகிறவர்கள் பலர். நாலு பேர் சேர்ந்து தூக்குகிற ஆட்டுக்கல்லை யார் தேடி வருகிறார்கள்? செவர்லேயைத் தேடுகிறவர்கள் இந்தியாவில் அநேகம் பேர். அதன் பாகங்களை அமெரிக்காவில் இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பெஜோ 203-ஐத் தேடுகிறவர்களோ விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்.

அடுத்த விஷயம், அந்தப் பதினாலு லட்சம். பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்து, "தம்பி, இந்த விளம்பரம் எப்போது போட்டது, பார்" என்றேன். பார்த்தான். பதினொரு மாதம் ஆகியிருந்தது! இடையில் இரண்டு தடவை எடுத்துவிட்டு மறுபடி போட்டிருக்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். பதினொரு மாதமாக அந்த விலை அங்கே நிற்கிறது. நாடு பூராவும் பார்க்கிறது. ஒருவரும் வாங்கவில்லை. அப்படியானால் பதினாலு லட்சம் என்பது வண்டியின் விலையா? அந்த விலைக்கு ஒருவரும் வாங்க மாட்டார்கள் என்பதற்கு அது அத்தாட்சி! விற்றுப் போன வண்டியின் விளம்பரம் இறங்கிவிடுகிறது; நியாய விலை சொன்னவரின் படம் நாலு நாளில் மறைந்துவிடுகிறது. யானை விலை குதிரை விலை சொன்னவரின் படம்தான் மாதக் கணக்கில் தொங்குகிறது. நாம் போய்ப் பார்க்கும்போது மிஞ்சியிருப்பதெல்லாம் அந்தப் படங்கள்தான். அதைப் பார்த்து, "ஓகோ, இதுதான் ஊர் விலை போலிருக்கிறது" என்று நினைத்துக்கொள்கிறோம். அடுத்தவரும் அதைப் பார்த்துத் தன் வண்டிக்கு அதே விலையைப் போடுகிறார். இப்படியாக ஒருவரும் கொடுக்காத விலை ஊரெல்லாம் பரவுகிறது.

கேட்கிற விலை ஒருவருடைய ஆசை. கிடைக்கிற விலைக்குத்தான் இரண்டு பேர் சம்மதம் வேண்டும்.

"அப்போ நம்ம வண்டி என்னதான் பெறும்?" என்று பெரியம்மா கேட்டார். அதைச் சொல்ல எனக்கு என்ன தெரியும்? நெல்லித்தோப்பில் பட்டறை வைத்திருக்கும் வயதான மெக்கானிக் பாய் ஒருவரை அழைத்து வந்தோம்.

அவர் வந்ததும் வண்டியைப் பார்க்கவில்லை. "ஆர்.சி. புத்தகம் எங்கேம்மா?" என்றார். பெரியம்மா உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்து, கல்யாணப் புடவைக்கு அடியிலிருந்து ஒரு கவரை எடுத்து வந்தார். ஆர்.சி. இருந்தது. அதோடு, பிரெஞ்சில் எழுதிய ஒரு பழைய ரசீதும் இருந்தது. வாங்கின தேதி, வண்டியின் சேஸிஸ் நம்பர், இஞ்சின் நம்பர் எல்லாம் அதில் கண்டிருந்தன. "இது பாதி வண்டிம்மா" என்று பாய் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகச் சொன்னார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத் துண்டை எடுத்தார். வண்டியின் கதவு, மட்கார்டு, பெட்டி என்று ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்த்தார். ஒட்டினால் உள்ளே தகரம் இருக்கிறது; ஒட்டாவிட்டால் துருப்பிடித்த ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்து மேலே சாயம் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தமாம். எவ்வளவு சுலபமான பரீட்சை! வண்டியின் இடது மட்கார்டில் ஓரிடம் தவிர எல்லா இடத்திலும் காந்தம் ஒட்டிக்கொண்டது. பாய் முகம் மலர்ந்தது.

பானெட்டைத் திறந்தார். மலர்ந்த முகம் வாடிவிட்டது. "இது பெஜோ இஞ்சின் இல்லையே! அம்பாசிடர் இஞ்சின்னா போட்டிருக்கு!"

சின்ன மகனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பாகம் கிடைக்காமல் வண்டி நின்று போனபோது, அப்பா ஏதோ ஒரு பட்டறையில் அம்பாசிடர் இஞ்சினை வைத்து ஓட்டினாராம். அந்த நாளில் எத்தனையோ வெளிநாட்டு வண்டிகளுக்கு அப்படித்தான் உயிர் கொடுத்தார்கள். அது குற்றமில்லை, பிழைக்கிற வழி. ஆனால் பழைய வண்டி சேகரிக்கிறவர்களுக்கு இதயத்தை மாற்றிய மாதிரி.

இதிலே சட்டமும் வந்து சேர்கிறது. மத்திய சர்க்கார் 2021 ஜூலையில் பழங்கால வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டு வந்தது. முதன் முதலில் பதிவான நாளிலிருந்து ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட இரண்டு சக்கர, நாலு சக்கர வண்டிகளுக்கு அது பொருந்தும். ஆனால் வண்டி அசல் உருவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸையோ, உடம்பையோ, இஞ்சினையோ பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய். அது பத்து வருஷத்துக்குச் செல்லும். மறுபடி பதிவதற்கு 5,000 ரூபாய். புதிதாகப் பதிகிற வண்டியின் நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துக்கள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஒரு முக்கியமான நிபந்தனை உண்டு: அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்டக் கூடாது, சாமான் ஏற்றிச் சம்பாதிக்கவும் கூடாது. கண்காட்சி, பழைய வண்டி ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்ற காரியங்களுக்கு மட்டுமே ரோட்டில் வரலாம். "சமோசா வியாபாரத்துக்கு அழகாக இருக்குமே" என்று ஆசைப்பட்டு லட்சம் கொடுத்து வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

"பழைய இஞ்சினை என்ன பண்ணினார்னு ஞாபகம் இருக்காம்மா?" என்று பாய் கேட்டார். "இருந்தா, அதுக்காகவே விலை ஏறும்."

சின்ன மகன் விற்றிருப்பார்கள் என்றார். மருமகள் தெரியாது என்றாள். பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்தார். பின்கட்டுக்குப் போய், மாடிப்படிக்கு அடியில் நின்று, "இதுவா பாருங்க" என்றார். ஒரு பலகை, அதன்மேல் வரிசையாக ஊறுகாய் ஜாடிகள். ஜாடிகளை இறக்கிப் பலகையை நகர்த்தினோம். கோணியில் சுற்றி, கிரீஸ் காய்ந்து கறுத்துப்போன பெஜோ இஞ்சின்! "அவர் கோணியில கட்டி வெச்சார். எடுக்கிறதுக்கு ஆள் இல்லை. எலுமிச்சங்காய் ஜாடி வைக்கத் தோதா இருந்தது" என்றார். பாய் குனிந்து துணியால் துடைத்து, நம்பரைப் பேரனை விட்டுப் படிக்கச் சொன்னார். பிரெஞ்சு ரசீதில் இருந்த அதே நம்பர்!

வீடு முழுக்கப் பதினாலு லட்சத்தைத் தேடிக்கொண்டிருக்க, இருந்த செல்வத்தின்மேல் நாற்பது வருஷமாக ஊறுகாய் உட்கார்ந்திருந்திருக்கிறது.

அப்புறம் நாங்களும் விளம்பரம் போட்டோம். விலை போடவில்லை. குறைகளை எல்லாம் எழுதினோம்: ஓடாத நிலை, இஞ்சின் மாற்றியது, அசல் இஞ்சின் தனியாக இருப்பது, பதிவு புதுப்பிக்காதது. பாய் சொன்ன யோசனை அது. குறையை மறைத்தால் வருகிறவர் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். சொல்லிவிட்டால் தெரிந்தவர் மட்டும் வருவார் என்றார்.

முதலில் வந்த போன் தெரிந்தவருடையது இல்லை. தான் பட்டாளத்தில் அதிகாரி என்றும், வண்டியைப் பார்க்கவே வேண்டாம், மூன்று லட்சம் உடனே அனுப்புகிறேன் என்றும் ஒருவர் சொன்னார். ஒரு கட்டம் போட்ட படத்தை அனுப்பி, "இதை ஸ்கேன் பண்ணி உங்கள் ரகசிய எண்ணைப் போடுங்கள், பணம் வந்துவிடும்" என்றார். மருமகள் போடுவதற்கே போய்விட்டாள். நல்லவேளை, பேரன் கையைப் பிடித்தான். சகோதரிகளே, இதை மட்டும் அடுப்படிச் சுவரில் எழுதி வையுங்கள்: நம் கணக்குக்குப் பணம் வருவதற்கு ரகசிய எண் வேண்டவே வேண்டாம். நம் பணம் வெளியே போவதற்குத்தான் அது வேண்டும். பொருளைப் பார்க்காமலே கேட்டதற்கு மேல் தருகிறேன் என்கிறவர் வாங்க வரவில்லை.

இரண்டாவதாக, கடற்கரைப் பக்கத்தில் சிற்றுண்டிச் சாலை நடத்துகிறவர் வந்தார். வாசலில் நிறுத்திப் பெட்டியில் பூந்தொட்டி வைக்கப் போகிறாராம். தொண்ணூறாயிரம் சொன்னார். மூன்றாவதாக, பழைய வண்டிகளைச் செப்பனிட்டு வைத்துக்கொள்கிற ஒரு கணவனும் மனைவியும் கொங்கு நாட்டிலிருந்து வந்தார்கள். கோயம்புத்தூரில் 2015-ல் திறந்த ஜி.டி. கார் மியூசியத்தைக் குழந்தைகளுக்குக் காட்டப் போய், அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது என்று அந்த அம்மாள் சிரித்தார். அவரும் ஒரு காந்தம் வைத்திருந்தார்! இரண்டு மணி நேரம் பார்த்தார்கள். செலவுக் கணக்கை ஒளிக்காமல் எங்கள் எதிரிலேயே போட்டார்கள். டிங்கர் வேலை, சாயம், டயர், பிரேக், இஞ்சினைப் பிரித்துக் கோப்பது, வரி பாக்கி. வண்டி விலையைப்போல் இரண்டு பங்கு ஆகும்போல் இருந்தது. இஞ்சின் இல்லாமல் ஒன்றேகால் லட்சம், அசல் இஞ்சினோடும் ரசீதோடும் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் என்றார்கள்.

பதினாலு லட்சத்தை மனசில் வைத்திருந்தவர்களுக்கு அது ஏமாற்றமான தொகைதான். சின்ன மகன் முகம் சுண்டிவிட்டது. ஆனால் இருபத்தெட்டாயிரத்துக்கு அறுத்துப் போட இருந்த வண்டி அல்லவா அது!

இன்னொரு தடங்கல் மிச்சம் இருந்தது. ஆர்.சி. பெரியம்மாவின் கணவர் பெயரில் இருக்கிறது. உரிமையாளர் காலமாகிவிட்டால் வாரிசு பெயருக்கு மாற்ற 31-ம் நம்பர் படிவம் வேண்டும். மற்ற வாரிசுகளின் சம்மதக் கையெழுத்தும் வேண்டும். அதாவது, பாரீஸில் இருக்கிற பெரிய மகன் கையெழுத்துப் போட்டாக வேண்டும். யார் அவரிடம் பேசுவது?

பெரியம்மாவே பேசினார். விலையைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. "உங்க தாத்தா வண்டிக்கு இஞ்சின் கிடைச்சுடுச்சுடா. என் ஊறுகாய் ஜாடிக்கு அடியில இருந்தது" என்றார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சிரிப்புச் சத்தம். "அந்தப் பலகையிலே ஏறித்தானேம்மா நான் விழுந்து மண்டையை உடைச்சுக்கிட்டேன்!" என்றார். சின்ன மகன் பக்கத்தில் நின்று, "உடைச்சது நான் தள்ளினதால" என்றார். ஐந்து வாரத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசிய முதல் வார்த்தை அது.

கையெழுத்து வந்தது. கொங்கு நாட்டு அம்மாள், பிரேக்குக்கும் கண்ணாடி ஓர ரப்பருக்கும் பிரான்சிலேயே சாமான் கிடைக்கும், வாங்கி அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். பெரிய மகன் இப்போது அதற்காகக் கடை கடையாக ஏறி இறங்குகிறாராம். பணத்தை என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. பெரியம்மா தன் பெயரில் வங்கியில் போட்டு, பேரனின் கடைசி வருஷப் படிப்புக்கு இவ்வளவு, பெரிய மகன் குடும்பம் ஊருக்கு வர டிக்கெட்டுக்கு இவ்வளவு என்று தானே பிரித்து எழுதிவிட்டார். மாடி அறை மட்டும் கட்டவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால் இரண்டு காரியம் செய்யுங்கள். காகிதங்களை எடுத்து ஒரே கவரில் வையுங்கள். கழற்றிப் போட்ட பாகம் எதுவானாலும், ஒரு விளக்கானாலும் ஒரு திருகாணியானாலும், குப்பையில் போடாதீர்கள். விலை விசாரிக்கும்போது, "எவ்வளவு கேட்கிறார்கள்?" என்று கேட்காதீர்கள், "எவ்வளவுக்குப் போயிற்று?" என்று கேளுங்கள்.

வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போன அன்று பெரியம்மா வாசலில் நின்று கற்பூரம் காட்டினார். லாரி தெருமுனை திரும்பிய பிறகு, காலியான கொட்டகையைப் பார்த்துக்கொண்டே, "அந்தச் சிவப்பு வண்டி வித்துப் போச்சா?" என்று பேரனைக் கேட்டார்.

"இல்லை பாட்டி. இப்போ பன்னிரண்டரை லட்சம்னு போட்டிருக்கான்."

"பாவம்!" என்றார் பெரியம்மா. "அவன் வீட்டிலேயும் அண்ணன் தம்பி இருப்பாங்களோ என்னமோ?"